பேசியதற்காக வழக்கறிஞர் உரிமம் போகுமா? அமெரிக்காவின் 8.4(ஜி) தகராறு

2016 ஆகஸ்டில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தன் மாதிரி நடத்தை விதிகளில் ஒரு பத்தியைச் சேர்த்தது. அதன் எண் 8.4(ஜி). பாகுபாடு காட்டுவதும் தொல்லை கொடுப்பதும் தொழில்முறைத் தவறு என்பது அதன் சாரம். அன்றிலிருந்து இருவிதமான செய்திகள் வந்தபடி இருக்கின்றன. "மத நம்பிக்கை உள்ள வழக்கறிஞர்களின் உரிமத்தைப் பறிக்கப் பார்க்கிறார்கள்" என்கிறது ஒன்று. "பாலியல் தொல்லையைத் தடுக்கும் விதியை மதவாதிகள் எதிர்க்கிறார்கள்" என்கிறது மற்றது. விதியின் வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டும் பாதிதான் சரி. தகராறு விதியின் நோக்கத்தைப் பற்றியது அல்ல, அதன் அகலத்தைப் பற்றியது.

உரிமம் யார் கையில் இருக்கிறது

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான வழக்கறிஞர் உரிமம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வழங்குகிறது. பெரும்பாலும் மாநில உச்ச நீதிமன்றமே அதற்குத் தலைமை அதிகாரம். தேர்வுக் குழு, ஒழுங்கு நடவடிக்கைக் குழு, சில மாநிலங்களில் வழக்கறிஞர் சங்கம் ஆகியவை அந்த நீதிமன்றத்தின் சார்பில்தான் இயங்குகின்றன.

1878இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் விருப்பப்பட்டவர் சேரும் தனியார் அமைப்பு. அது வெளியிடும் "மாதிரி விதி" யாரையும் கட்டுப்படுத்தாது. ஒரு மாநில நீதிமன்றம் அதை ஏற்று ஆணையிட்டால்தான் அந்த மாநிலத்தில் அது விதியாகும். ஏற்கும்போது வாசகத்தை மாற்றவும் செய்யலாம். ஆகவே "8.4(ஜி) செல்லுமா" என்ற கேள்வியே அரைகுறையானது. எந்த மாநிலத்து 8.4(ஜி) என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒருவரின் நம்பிக்கையும் பேச்சும் உரிமத்தோடு உரசும் இடங்கள் ஐந்து:

1. சட்டக் கல்லூரியின் அங்கீகாரம். பெரும்பாலான மாநிலங்கள் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த கல்லூரியின் பட்டத்தைக் கேட்டுவந்திருக்கின்றன. மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் மத உறுதிமொழி வாங்கிய ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் தர முதலில் தயங்கிய சங்கம், வழக்குக்குப் பின் 1981இல் தன் விதியைத் தளர்த்தியது. இன்றைய அங்கீகார விதி 205, மதச் சார்புள்ள கல்லூரி தன் சமயக் கொள்கையை முன்கூட்டியே அறிவித்துவிட்டு அதற்கேற்ப மாணவர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது.

2. நடத்தை, தகுதி விசாரணை. தேர்வில் தேறினாலும், நேர்மையானவர்தானா என்று ஒரு குழு விசாரித்த பிறகே உரிமம்.

3. உறுதிமொழி. கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம். நோட்டரி பதவிக்குக் கடவுள் நம்பிக்கையை அறிவிக்கச் சொன்ன மேரிலாந்து நிபந்தனையை 1961இல் டார்கசோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. இந்த இடத்தில் இன்று பெரிய சிக்கல் இல்லை.

4. கட்டாய உறுப்பினர் சந்தா. இதைப் பின்னால் பார்க்கலாம்.

5. ஒழுங்கு நடவடிக்கை. தனிப்பட்ட கண்டனம், பகிரங்கக் கண்டனம், இடைநீக்கம், உரிமம் பறிப்பு என்று இதற்குப் படிகள் உண்டு. 8.4(ஜி) இங்கேதான் வருகிறது.

அமைதிவாதியும் கம்யூனிஸ்டும் கட்டிய சுவர்

இன்று பழமைவாதக் கிறிஸ்தவ வழக்கறிஞர்கள் தங்களுக்காக எடுத்துக்காட்டும் தீர்ப்புகளில் முக்கியமானவை, ஒரு காலத்தில் இடதுசாரிகள் போராடிப் பெற்றவை. இந்த வரலாறு தெரியாமல் இன்றைய வாதம் புரியாது.

கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. கிளைட் சம்மர்ஸ் என்ற மெதடிஸ்ட் கிறிஸ்தவர், சமய நம்பிக்கை காரணமாக ஆயுதம் எடுக்க மறுத்தவர். இல்லினாய் மாநிலம் அவருக்கு உரிமம் தரவில்லை. 18 முதல் 45 வயதுவரையுள்ள ஆண்கள் மாநிலப் படையில் சேரக் கடமைப்பட்டவர்கள் என்று மாநில அரசமைப்பு சொல்கிறது, அந்த அரசமைப்பைக் காப்பேன் என்று இவரால் மனதார உறுதி கூற முடியாது என்பது காரணம். 1945இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் நின்றது. இல்லினாய் 1864க்குப் பிறகு யாரையும் கட்டாயமாகப் படைக்கு எடுத்ததே இல்லை என்று எதிர்த் தீர்ப்பில் நீதிபதி ஹியூகோ பிளாக் சுட்டிக்காட்டினார். ஆயுதம் எடுக்க மறுப்பவருக்குக் குடியுரிமை இல்லை என்ற பழைய தீர்ப்புகளை இத்தீர்ப்பு ஆதாரமாகக் கொண்டிருந்தது, அவற்றை அடுத்த ஆண்டே ஜிரூவார்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிட்டது. சம்மர்ஸ் பின்னர் நியூயார்க்கில் உரிமம் பெற்றார், தொழிலாளர் சட்டத்தில் பெயர்பெற்ற பேராசிரியரும் ஆனார்.

திருப்பம் 1957இல் ஷ்வேர் வழக்கில் வந்தது. நியூ மெக்சிகோவில் விண்ணப்பித்தவர் 1930களில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். வேலை கிடைப்பதற்காகப் புனைபெயர் வைத்திருந்தார், வேலைநிறுத்தங்களில் கைதும் ஆகியிருந்தார். அவரை வழக்கறிஞர் தேர்வு எழுதவே மாநிலம் விடவில்லை, அந்த மறுப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது வகுத்த அளவுகோல் இன்றும் அடித்தளமாக இருக்கிறது: மாநிலம் எவ்வளவு உயர்ந்த தகுதியையும் கேட்கலாம், ஆனால் கேட்கும் தகுதிக்கும் வழக்கறிஞர் தொழிலைச் செய்யும் திறனுக்கும் அறிவுக்குப் பொருந்தும் தொடர்பு இருக்க வேண்டும்.

இடையில் ஒரு சறுக்கலும் உண்டு. ஜார்ஜ் அனஸ்டாப்ளோ 1950இல் இல்லினாயில் விசாரணைக் குழுவின் முன் அமர்ந்தார். கொடுங்கோல் அரசை மாற்றும் உரிமை மக்களுக்கு உண்டு என்ற, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலேயே இருக்கும் கருத்தைச் சொன்னார். பேச்சு கம்யூனிஸ்ட் கட்சிக்குத் திரும்பியது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தார். 1961இல் 5-4 என்ற கணக்கில் தோற்றார். அவர் கடைசிவரை வழக்கறிஞர் ஆகவே இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, அவரைக் கருத்துக்காக நிராகரித்ததாக யாரும் எழுதவில்லை. "விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை" என்றுதான் எழுதினார்கள். கருத்தைத் தொடாமல் நடைமுறையைக் காட்டி ஆளை வெளியே நிறுத்தும் இந்த வழி இன்னும் மூடப்படவில்லை.

1971இல் அரிசோனா, ஒஹாயோ, நியூயார்க் ஆகிய மூன்று மாநில வழக்குகளில் ஒரே நாளில் தீர்ப்பு வந்தது. அரசைப் பலாத்காரத்தால் கவிழ்க்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பில் எப்போதாவது உறுப்பினராக இருந்தீர்களா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பது தவறு என்று முதல் இரண்டில் சொல்லப்பட்டது. அந்த நோக்கத்தைத் தெரிந்தே, அதை நிறைவேற்றும் எண்ணத்தோடு உறுப்பினரானீர்களா என்று குறுக்கிக் கேட்டால் செல்லும் என்றது மூன்றாவது. எல்லாமே 5-4. கேள்வியின் பொருள் ஒன்றுதான், வாசகத்தின் அகலம் மட்டுமே வேறு. 8.4(ஜி) விவகாரத்திலும் இதே வேறுபாடுதான் வழக்குகளைப் பிரிக்கிறது.

சங்கடமான ஒரு வழக்கையும் சொல்லிவிட வேண்டும். நிறவெறி அமைப்பொன்றின் தலைவரான மேத்யூ ஹேலுக்கு 1999இல் இல்லினாய் உரிமம் மறுத்தது. அவருடைய கொள்கையும் அதைப் பரப்பும் உறுதியும் காரணமாகக் காட்டப்பட்டன. உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்கவில்லை. பின்னாளில் ஒரு ஃபெடரல் (ஒன்றிய அரசின்) நீதிபதியைக் கொல்லத் தூண்டிய குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார். குழு சரியாகத்தான் கணித்தது என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. அது பின்புத்தி. 1999இல் குழுவின் முன் இருந்தது அருவருப்பான கொள்கை மட்டுமே, குற்றம் அல்ல. கொள்கையைக் காட்டி மறுக்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அடுத்த குழு எந்தக் கொள்கையை அருவருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விதியின் வாசகம்: எந்தச் சொல் எதைச் செய்கிறது

மாதிரி விதி 8.4(ஜி)யைப் பிரித்து வைத்தால் ஐந்து பகுதிகள் கிடைக்கும்.

1. *தடுக்கப்படும் செயல்.* "தொல்லை அல்லது பாகுபாடு". ஒருவர்மீது காழ்ப்பையோ முன்முடிவையோ வெளிப்படுத்தும், தீங்கு விளைவிக்கும் சொல்லும் செயலும் இதில் அடங்கும் என்கிறது 3ஆம் விளக்கக் குறிப்பு. அதாவது வெறும் பேச்சும் "நடத்தை" ஆகிறது.

2. *பாதுகாக்கப்படும் அடையாளங்கள்.* இனம், பாலினம், மதம், தேசியப் பூர்வீகம், இனக்குழு, மாற்றுத்திறன், வயது, பாலீர்ப்பு, பாலின அடையாளம், திருமண நிலை, சமூகப் பொருளாதார நிலை என்று 11. மதமும் இதில் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மத நம்பிக்கையாளரும் இந்த விதியின் பாதுகாப்புக்குள் வருகிறார்.

3. *மனநிலை.* "தெரிந்தே, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில்". உள்நோக்கம் தேவையில்லை, கவனக்குறைவு போதும்.

4. *எங்கே செல்லுபடியாகும்.* "சட்டத் தொழில் தொடர்பான நடத்தை". கட்சிக்காரருக்காக வாதாடுவது, சாட்சிகளோடும் சக ஊழியர்களோடும் பழகுவது, அலுவலகம் நடத்துவது மட்டுமல்ல, தொழில் தொடர்பான வணிக, சமூக நிகழ்ச்சிகளும் வழக்கறிஞர் சங்க நிகழ்ச்சிகளும் இதில் சேரும் என்கிறது 4ஆம் குறிப்பு.

5. *விலக்கு.* கட்சிக்காரரை ஏற்பதும் மறுப்பதும் விதி 1.16இன்படி வழக்கறிஞரின் விருப்பம், முறையான ஆலோசனையும் வாதமும் தடுக்கப்படவில்லை. ஆனால் எது "முறையான" வாதம் என்பதற்கு வரையறை இல்லை.

1998 முதல் இருந்துவந்த பழைய விளக்கக் குறிப்போடு ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு தெரியும். அதில் மூன்று வேலிகள் இருந்தன: கட்சிக்காரருக்காகச் செயல்படும்போது, தெரிந்தே, நீதி நிர்வாகத்துக்குக் குந்தகம் விளையும்படி. புதிய வாசகத்தில் மூன்றும் இல்லை.

ஆதரிப்பவர்களின் வாதத்தில் பலம் உண்டு. ஃபெடரல் வேலைவாய்ப்புச் சட்டமான டைட்டில் 7, 15 ஊழியர்களாவது உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தும். சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்யும் இளம் பெண் வழக்கறிஞருக்கு அது உதவாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் ஆபாசப் பேச்சுக்கு ஆளாகும் பெண்ணுக்கு அவர் முதலாளியே இல்லை என்பதால் எந்த வேலைவாய்ப்புச் சட்டமும் உதவாது. இந்த ஓட்டையை அடைக்க ஒழுங்கு விதி தேவை என்பது நியாயமானது. அதற்கு விருந்து நிகழ்ச்சியில் பேசும் பேச்சுவரை விதியை நீட்ட வேண்டுமா என்பதே கேள்வி. டைட்டில் 7இல் தொல்லை என்றால் அது கடுமையானதாகவோ தொடர்ந்து நிகழ்வதாகவோ இருக்க வேண்டும். 8.4(ஜி)யின் வாசகத்தில் அந்த வரம்பு இல்லை. பாகுபாட்டுத் தடைச் சட்டங்கள் விதியைப் புரிந்துகொள்ள வழிகாட்டலாம் என்று குறிப்பு சொல்கிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. 2020இல் சங்கம் வெளியிட்ட 493ஆம் முறைசார் கருத்துரை, சாதாரணமாக ஒரு கருத்தைச் சொல்வது தவறாகாது என்று விளக்க முயன்றது. ஆனால் கருத்துரை விதி ஆகாது.

எந்த ஆட்சேபம் நிற்கும், எது நிற்காது

*தெளிவின்மை* என்ற ஆட்சேபம் நிற்கும். 1991இல் ஜென்டைல் வழக்கில், செய்தியாளர் கூட்டம் நடத்திய நெவாடா வழக்கறிஞருக்குத் தரப்பட்ட கண்டனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நிலுவையிலுள்ள வழக்கைப் பற்றி வழக்கறிஞர் பேசுவதை மாநிலம் கட்டுப்படுத்தலாம். ஆனால் எதைப் பேசலாம் என்ற பகுதி குழப்பமாக இருந்தால் அதை வைத்துத் தண்டிக்க முடியாது.

*நிலைப்பாட்டைப் பார்த்துப் பாகுபாடு* என்ற ஆட்சேபமும் வலுவானது. இழிவுபடுத்தும் வணிகச் சின்னங்களுக்குப் பதிவு இல்லை என்ற சட்டத்தை 2017இல் டாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. புண்படுத்துகிறது என்பதற்காகத் தடுப்பதும் நிலைப்பாட்டைப் பார்த்துத் தடுப்பதே என்பது அதன் அடிப்படை. 8.4(ஜி)யின் 4ஆம் குறிப்பு பன்முகத்தன்மையை வளர்க்கும் செயல்கள் விதியை மீறாது என்று சொல்லி ஒரு பக்கத்துக்கு மட்டும் வெளிப்படையாக இடம் விடுகிறது. எதிர்ப்பாளர்கள் அடிக்கடி எடுத்து வைப்பது இதைத்தான்.

*தொழில்சார் பேச்சுக்குப் பாதுகாப்பு குறைவு* என்று முன்பு ஒரு பதில் சொல்லப்பட்டது. 2018இல் நிஃப்லா எதிர் பெசெரா வழக்கோடு அது பலவீனமானது. உரிமம் பெற்ற தொழிலர் பேசுகிறார் என்பதால் மட்டும் பேச்சு தனி வகையாகிவிடாது என்று அங்கே சொல்லப்பட்டது. தொழில் நடத்தையைக் கட்டுப்படுத்தும்போது பேச்சு தற்செயலாகப் பாதிக்கப்படுவது வேறு விஷயம், அது இன்னும் அனுமதிக்கப்படுகிறது.

*மதச் சுதந்திரம்* என்ற ஆட்சேபம், பலர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, தனித்து நிற்கும்போது பலவீனமானது. 1990இல் எம்ப்ளாய்மென்ட் டிவிஷன் எதிர் ஸ்மித் தீர்ப்பின்படி, நடுநிலையான, எல்லோருக்கும் பொதுவான சட்டம் மதத்துக்கு இடையூறானாலும் அரசமைப்புக்கு விரோதமாகாது. இதை மாற்ற நாடாளுமன்றம் 1993இல் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1997இல் தீர்ப்பானது. ஆகவே மாநில உரிம விதிக்கு எதிராக மத ஆட்சேபம் வெல்ல மூன்றில் ஒன்று வேண்டும்: அந்த மாநிலத்துக்கே உரிய மீட்புச் சட்டம் (இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு), அதிகாரிகள் மதத்தின்மீது பகை காட்டியதற்கான ஆதாரம், அல்லது தனித்தனியே விலக்கு தரும் விருப்பதிகாரம் விதியிலேயே இருப்பது. கடைசியது 2021இன் ஃபுல்டன் தீர்ப்பில் வந்தது. நடைமுறையில் நல்ல வழக்கறிஞர்கள் மதத்தைத் துணைவாதமாக வைத்துப் பேச்சுரிமையை முன்னால் நிறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

குறுகிய வாசகம் பிழைக்கும் என்பதற்குக் கொலராடோ சாட்சி. அங்கே விதி, கட்சிக்காரருக்காகச் செயல்படும்போது காட்டும் காழ்ப்பை மட்டுமே தொடுகிறது. தன் கட்சிக்காரருக்கு எழுதிய மின்னஞ்சலில் நீதிபதியை ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுசெய்யும் சொல்லால் குறிப்பிட்ட வழக்கறிஞர்மீது எடுத்த நடவடிக்கையை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதிசெய்தது. மிகக் கடுமையான அளவுகோலைப் பொருத்தியும் விதி தேறியது.

கட்சிக்காரரை மறுக்கலாமா

பொதுவாக மறுக்கலாம். ஒருவருக்காக வாதாடுவது அவர் கருத்தை ஏற்பதாகாது என்று விதி 1.2(பி) சொல்வதால், பலர் மனச்சாட்சியோடு மோதாமலே வேலை செய்கிறார்கள். சிக்கல் எழும் இடங்கள் இரண்டு.

முதலாவது, நீதிமன்றம் நியமிக்கும்போது. வழக்கு தனக்கு மிகவும் அருவருப்பானது, அதனால் கட்சிக்காரருடனான உறவே கெடும் என்றால் விதி 6.2இன்படி விலக்குக் கேட்கலாம். கேட்கத்தான் முடியும், தானாக விலக முடியாது. கருக்கலைப்புக்கு நீதிமன்ற அனுமதி கோரும் சிறுமியருக்காக நியமிக்கப்பட்ட ஒரு கத்தோலிக்க வழக்கறிஞரின் கேள்விக்கு, டென்னஸி ஒழுங்கு வாரியம் 1996இல் தந்த கருத்துரை கடுமையானது. நம்பிக்கை உண்மையானது என்பதை ஏற்றுக்கொண்டும், அது மட்டும் விலகலுக்குப் போதாது என்றது.

இரண்டாவது, வேறு சட்டங்கள். 8.4(ஜி) தரும் விலக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கு மட்டுமே. விவாகரத்து வழக்குகளில் பெண்களுக்காக மட்டும் வாதாடுவேன் என்று ஓர் ஆணைத் திருப்பி அனுப்பிய பெண் வழக்கறிஞர்மீது, 1990களில் மசாசூசெட்ஸ் பாகுபாட்டுத் தடை ஆணையம் பொது இடச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுத்தது. தான் ஏற்காத கருத்தைத் தன் படைப்பில் சொல்ல ஒருவரை மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது என்ற 2023இன் 303 கிரியேட்டிவ் தீர்ப்புக்குப் பிறகு, மனுவும் வாதமும் வழக்கறிஞரின் சொந்தப் பேச்சுதானா என்று இங்கே கேட்கலாம். கட்சிக்காரரின் குரலாகவே அவர் பேசுகிறார் என்பதால் பதில் எளிதல்ல.

நீதிமன்றத்தில் எங்கே வழுக்குகிறது

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் வாசலிலேயே தங்கிவிடுகின்றன. காரணங்கள் இவை:

1. *வழக்குத் தொடுக்கும் தகுதி.* இன்னும் யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், நம்பத்தக்க அச்சுறுத்தல் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பென்சில்வேனியாவில் சட்டக் கல்வி வகுப்புகளில் புண்படுத்தும் சொற்களை மேற்கோள்காட்டிப் பேசும் ஒரு வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். 2020 டிசம்பரில் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் தடையாணை தந்தது. மாநிலம் 2021இல் விதியைத் திருத்தியது, 2022இல் அதற்கும் தடை விழுந்தது. 2023 ஆகஸ்டில் மூன்றாவது வட்டார ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லாவற்றையும் புரட்டியது. அவருடைய பேச்சுகள் விதிக்குள் வரவே இல்லை, நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று ஒழுங்குத் துறைத் தலைவரும் பிரமாணப் பத்திரம் தந்திருக்கிறார், எனவே தகுதி இல்லை என்றது. கனெக்டிகட் விதி பற்றிய வழக்கில் இரண்டாவது வட்டார நீதிமன்றம் 2024இல் நேர்மாறாகத் தகுதி உண்டு என்றது. இரண்டும் விதி செல்லுமா என்பதைத் தீர்மானிக்கவில்லை.

2. *நடவடிக்கை தொடங்கிவிட்டால்.* 1982இன் மிடில்செக்ஸ் தீர்ப்புப்படி ஃபெடரல் நீதிமன்றம் விலகி நிற்கும். அரசமைப்பு வாதத்தை மாநில ஒழுங்குக் குழுவின் முன்பே எழுத்தில் வைக்க வேண்டும். அங்கே வைக்கத் தவறினால் பிறகு எழுப்புவது கடினம்.

3. *உரிமம் மறுக்கப்பட்டுவிட்டால்.* 1983இன் ஃபெல்ட்மன் தீர்ப்புப்படி, தன் விண்ணப்பத்தின் மீதான மாநில நீதிமன்ற முடிவை ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது. பொதுவிதியை எதிர்க்கலாம். தனி முடிவுக்கு நேராக அமெரிக்க உச்ச நீதிமன்றம்தான். ஹேல் வழக்கு ஏழாவது வட்டாரத்தில் 2003இல் இதில்தான் விழுந்தது.

தண்டனை வராவிட்டாலும் விசாரணையே செலவு. புகார் கொடுக்க யாருக்கும் கட்டணமில்லை. பதில் தராமல் இருப்பதே தனித் தவறு. வேறு மாநிலத்தில் உரிமம் கேட்கும்போது பழைய புகார்களையும் தெரிவிக்கச் சொல்வதுண்டு. பேச்சை அடக்குவதற்கு உரிமத்தைப் பறிக்கத் தேவையில்லை என்பதை விதி எழுதுபவர்கள் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

சந்தாப் பணம்

சுமார் 30 மாநிலங்களில் வழக்கறிஞராக இருக்க மாநிலச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். 1990இன் கெல்லர் தீர்ப்புப்படி, தொழிலை ஒழுங்குபடுத்துவதோடும் சட்ட சேவையை மேம்படுத்துவதோடும் தொடர்பில்லாத அரசியல் வேலைக்குக் கட்டாயச் சந்தாவைச் செலவிடக் கூடாது. அரசு ஊழியரிடம் தொழிற்சங்கம் கட்டாயக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற 2018இன் ஜேனஸ் தீர்ப்புக்குப் பின் இது மேலும் இறுகியது. டெக்சஸ், லூசியானா, ஒரேகான் சங்கங்கள் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் குட்டுப்பட்டன. லூசியானா சங்கம் ட்விட்டரில் வால்நட்டின் நன்மைகளைப் பற்றிப் பதிவிட்டதும் சட்டத் தொழிலுக்குச் சம்பந்தமில்லாதது என்று ஐந்தாவது வட்டார நீதிமன்றம் 2023இல் சொன்னது. நீதிபதிகளுக்கு வால்நட்மீது கோபமில்லை. கோடு எங்கே என்று சொல்லாவிட்டால் சங்கம் எதையும் பேசத் தொடங்கும் என்பதுதான் காரணம்.

சட்டமன்றம் குறுக்கே வரும்போது

டென்னஸி, அரிசோனா உச்ச நீதிமன்றங்கள் 2018இல் இந்த விதியை நிராகரித்தன. ஐடஹோ உச்ச நீதிமன்றம் 2018இலும் 2023இலும் நிராகரித்தது. வெர்மான்ட் 2017இலேயே ஏறத்தாழ அப்படியே ஏற்றுக்கொண்டது. டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் 2016 டிசம்பரில் இது அரசமைப்புக்கு விரோதமாகும் என்று கருத்துரை தந்தார். மொன்டானா சட்டமன்றம் 2017இல் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. அரிசோனாவில் 2012 முதலே, மத நம்பிக்கையை வெளிப்படுத்தியதற்காகத் தொழில் உரிமத்தை மறுக்கவோ பறிக்கவோ கூடாது என்று சட்டம் இருக்கிறது.

இப்படிப்பட்ட பாதுகாப்புச் சட்டம் எழுதுவதிலும் தவறு நேரும். "மத நம்பிக்கைக்காக எந்த நடவடிக்கையும் கூடாது" என்று மொட்டையாக எழுதினால், கட்சிக்காரரின் வழக்கைப் பாதியில் விட்டவரும் ரகசியத்தை வெளியிட்டவரும் அதைக் கேடயமாக்குவார்கள். ஏற்றுக்கொண்ட கட்சிக்காரருக்குச் செய்ய வேண்டிய கடமை, நாணயம், பணத்தைக் கையாளுதல், பாலியல் அத்துமீறல் ஆகியவற்றுக்கு விலக்கு இல்லை என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இன்னொன்று, உரிம அதிகாரம் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் என்று கருதும் மாநிலங்களில் சட்டமன்றத்தின் சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றமே ஒதுக்கிவிடலாம். அதனால் அத்தகைய மாநிலங்களில், விதித் திருத்த மனுவின் மீது நீதிமன்றம் பொதுக்கருத்துக் கேட்கும் காலத்தில் எழுதிக் கொடுப்பது சட்டமன்றத்தின் மூலம் போவதைவிடப் பயன் தரும்.

ஒரு மாநிலத்து விதியை எடுத்தால் பார்க்க வேண்டியவை

1. எல்லை: "கட்சிக்காரருக்காகச் செயல்படும்போது" என்றா, "தொழில் தொடர்பான" என்றா? இரண்டாவது இருந்தால் கருத்தரங்கமும் விருந்தும் உள்ளே வரும்.

2. மனநிலை: "தெரிந்தே" மட்டுமா, "தெரிந்திருக்க வேண்டிய" என்பதும் உண்டா?

3. இலக்கு: குறிப்பிட்ட ஆளை நோக்கிய செயலா, பொதுவாகச் சொன்ன கருத்தும் சேருமா?

4. வரையறை: தொல்லை, பாகுபாடு என்ற சொற்கள் ஏற்கெனவே உள்ள சட்டத்தோடு கட்டப்பட்டுள்ளனவா? சில மாநிலங்களில் வேறு அமைப்பு முதலில் குற்றம் என்று தீர்மானித்த பிறகே ஒழுங்கு நடவடிக்கை தொடங்கும்.

5. முன்கருத்து: பெரும்பாலான மாநிலங்களில் ஒழுக்க நெறிக் கருத்துரை கேட்கலாம். பேச்சை நிகழ்த்துவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிய பதில் எல்லா இடத்திலும் குழுவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தவறு செய்யும் நோக்கம் இல்லை என்பதற்கு அது ஆதாரமாகும். "உங்கள் பேச்சு இந்த விதிக்குள் வரும்" என்று பதில் வந்தாலோ, பென்சில்வேனியாக்காரரிடம் இல்லாமல்போன நம்பத்தக்க அச்சுறுத்தல் கையில் காகிதமாகக் கிடைத்துவிடுகிறது.